ஐடில் ஆடுதா? இன்ஜெக்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஹோஸைப் பாரு!

மதுரை கோரிப்பாளையம் சிக்னல்ல ஏசி போட்டு நிக்கிறே. வண்டி உதறுது, ஆர்பிஎம் முள்ளு ஏறி இறங்கி ஆடுது. பக்கத்துல இருக்கிறவர் "இன்ஜெக்டர் போச்சு"ங்கிறார், இன்னொருத்தர் "டர்போ போச்சு"ங்கிறார். நீ உடனே நகைக்கடன் வாங்க ஓடுறே. நில்லு! அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ.

நம்ம பக்கம் ஓடுற பழைய டர்போ வண்டின்னா பெரும்பாலும் டீசல்தான். 2007-ல வந்த ஸ்விஃப்ட் டீசல், அதே 1248 சிசி இன்ஜின் போட்ட டிசையர், புன்டோ, விஸ்டா குவாட்ராஜெட், அப்புறம் ஸ்கார்ப்பியோ, இன்னோவா. மாருதி 2020-ல டீசலையே நிறுத்திடுச்சு. அப்படின்னா கடைசியா வந்த ஸ்விஃப்ட் டீசலுக்கே வயசாச்சு. இரும்பு தாங்கும், ரப்பர் ஹோஸ் தாங்காது. வெளியில சித்திரை வெயில், உள்ள டர்போ சூடு. எத்தனை வருஷம்தான் அது வெடிக்காம இருக்கும்?

1. ஹோஸ்ல மூணு வகை. முதல்ல பிரிச்சுத் தெரிஞ்சுக்கோ.
பென்சில் தடிமன்ல ஓடுறது வேக்கம் ஹோஸ். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல மணிக்கட்டு தடிமன்ல இருக்கிறது பூஸ்ட் ஹோஸ். இன்ஜெக்டர் தலைக்குத் தலை மெல்லிசா ஓடுறது டீசல் ரிட்டர்ன் பைப். மூணும் பெரும்பாலும் ரப்பர்தான், ஆனா கோளாறு வேற வேற.

2. வண்டி சொல்ற அறிகுறியைக் கவனி.
- நிக்கும்போது உதறல், காலையில ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம்: டீசல் பக்கம் பாரு. ஃபில்டர், ரிட்டர்ன் பைப், லைன்ல காத்து.
- நிக்கும்போது நல்லாத்தான் இருக்கு, மேலூர் நாலு வழிச்சாலையில மிதிச்சா இழுக்கல, கருப்புப் புகை, 'புஸ்'னு சத்தம்: பூஸ்ட் ஹோஸ். ஐடில்ல டர்போ அழுத்தம் இல்லாததால கிழிசல் அப்போ தெரியாது.
- பூஸ்ட் ஹோஸ் நல்லாருந்தும் இழுக்கலையா: வேக்கத்துல இயங்குற டர்போன்னா, அதைக் கட்டுப்படுத்துற ஆக்சுவேட்டருக்குப் போற வேக்கம் ஹோஸ்.
- முள்ளு அசையாம நிக்குது, வண்டி மட்டும் அதிருது: இன்ஜின் மவுண்டிங். இதுக்குப் போய் இன்ஜெக்டரைக் கழட்ட விடாதே.

3. பெட்ரோல் வண்டி வீடியோவைப் பார்த்து டீசல்ல கை வைக்காதே.
பெட்ரோல் இன்ஜின்ல உறிஞ்சுற காத்தே வேக்கத்தைக் கொடுக்கும். அங்க ஹோஸ் கிழிஞ்சா அளவுக்கு மீறின காத்து உள்ள போய் ஐடில் ஏறும், ஆடும். 2013-ல வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட் வச்சிருந்தா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். டீசல்ல அப்படி இல்ல. வேக்கத்துக்குன்னு தனியா ஒரு பம்ப் இருக்கு. ஹோஸ்ல ஓட்டை விழுந்தா, ஓட்டை ஸ்ட்ராவில இளநி உறிஞ்சின கதைதான்: பம்ப் ஓடும், மறுமுனைக்கு எதுவும் போய்ச் சேராது. அதனால டர்போ, இஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்புற வால்வு), பிரேக் மூணுல ஒண்ணு மக்கர் பண்ணும்.

4. பிரேக்கை இன்னிக்கே சோதிச்சுப் பாரு.
பிரேக் பூஸ்டருக்கும் அந்த வேக்கம்தான். இன்ஜினை அணைச்சுட்டு, பெடல் இறுகுற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதி. காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணு. பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா வண்டியை எடுக்காதே, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லு. "அழகர்கோயில் வரைக்கும்தானே அக்கா"ன்னு சொல்லிக்கிட்டுக் கிளம்பாதே!

5. மலிவானதுல ஆரம்பி.
டீசல் ஃபில்டர்ல தேங்கின தண்ணியை இறக்கு, பழசுன்னா மாத்து. அடுத்து ரிட்டர்ன் பைப்ல கசிவு இருக்கான்னு பாரு. அப்புறம் இஜிஆர்ல கரியைச் சுத்தம் பண்ணு; அது திறந்தபடியே மாட்டிக்கிட்டாலும் ஐடில் உதறும். இன்னோவா டீசல்ல ஐடில் ஆடினா, டீசல் பம்புல டீசல் அளவைக் கட்டுப்படுத்துற எஸ்சிவி வால்வைப் பார்க்கச் சொல்லு. அது சிக்கினதுக்கு முழு பம்பையும் மாத்தினவங்க உண்டு. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் இன்ஜெக்டர். அதுலயும் ஒவ்வொண்ணுக்கும் பாட்டில் மாட்டி, எதுல டீசல் அதிகமாத் திரும்புதுன்னு பார்த்துட்டு, அந்த ஒண்ணை மட்டும் கழட்டினாப் போதும்.

6. இதை மட்டும் செய்யவே விடாதே.
பழைய டீசல் பழக்கத்துல, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு பார்ப்பாங்க. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து டீசல் போற காமன் ரெயில் வண்டியில அது உயிருக்கே ஆபத்து. உன் டயர்ல இருக்கிற அழுத்தம் சுமார் 2 பார், அந்த ரெயில்ல 1000 பாருக்கு மேல போகும். டீசல் தோலைக் கிழிச்சு உள்ள இறங்கும். வெளியில ஊசிக் குத்து மாதிரிதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

7. ஹோஸை எப்படிப் பார்க்கிறது?
இன்ஜின் ஆறின பிறகு, செல்போன் டார்ச் போதும். ஹோஸ் பெரும்பாலும் முனையிலதான் வெடிக்கும். கிளிப்பை ஒட்டி விரலால வளைச்சுப் பாரு. நிமிர்ந்திருக்கும்போது தெரியாத வெடிப்பு அப்போ வாயைத் திறக்கும். பூஸ்ட் ஹோஸோட அடிப்பக்கத்தைத் தடவு. எண்ணெய்ப் பிசுக்குல புழுதி ஒட்டி ஒரு இடம் மட்டும் கருத்திருந்தா, காத்து அங்கதான் கசியுது. ஸ்கார்ப்பியோ எம்-ஹாக் மாதிரி வேக்கத்துல இயங்குற டர்போன்னா, ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு ஆக்சுவேட்டர் கம்பியைப் பாரு. அசையலன்னா ஹோஸ், சோலனாய்டு வால்வு, ஆக்சுவேட்டர்னு இந்த வரிசையில தேடு.

8. மாத்தும்போது அவசரப்படாதே.
- கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடு. ஒவ்வொண்ணா மாத்து. இடம் மாறிட்டா புதுக் கோளாறு.
- முனை மட்டும் வெடிச்சு, நீளம் மிச்சமிருந்தா, அரை இன்ச் வெட்டிட்டு திரும்பச் சொருகு. காசு மிச்சம்.
- சலைன் டியூப், மீன்தொட்டி டியூப் எல்லாம் வேண்டாம். உறிஞ்சினா ஒட்டிக்கும், சூட்டுல இளகிடும்.
- சிலிக்கோன் ஹோஸ் காத்துக்கு மட்டும். டீசலுக்கு டீசல் ஹோஸ்தான்.
- பிரேக் பூஸ்டர் ஹோஸ்ல ஒருவழி வால்வு இருக்கு. திருப்பி மாட்டிடாதே.
- கிளாம்ப்பை வெறியோட முறுக்காதே, புது ரப்பரை அதுவே அறுத்துடும்.

9. எலியை மறக்காதே.
சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் அறுப்பு முடிஞ்சா வயல் எலிக்கு இடம் வேணும். பானெட்டுக்குள்ள புகுந்து ஹோஸைக் கடிக்கும். வைக்கோல் போர் பக்கத்துல வண்டியை நிறுத்தாதே. நாலு நாள் நின்ன வண்டின்னா பானெட்டைத் திறந்து பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணு. புகையிலை கட்டி வைக்கிறியா, வை. வாசம் போனதும் மாத்து.

10. ஒர்க்‌ஷாப்புல வாயை மூடிக்கிட்டு நிக்காதே.
ஸ்கேனர்ல வந்த எரர் கோட் நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்கோ. பி0299-ன்னு வந்தா பூஸ்ட் குறையுதுன்னு அர்த்தம். "டர்போ மாத்தணும்"னா, "ஹோஸ் பார்த்தாச்சா?"ன்னு கேளு. கழட்டின பழைய பாகத்தைக் கையில வாங்கிக்கோ.

வேலைக்கு ஓடுற உனக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்னு எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனியிலயே, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எல்லா ஹோஸையும் பார்த்து முடிச்சிடு. அதுக்கும் முடியலையா, நாலாவது டிப்ஸை மட்டுமாவது இன்னிக்குச் சாயங்காலமே செய். அந்த வண்டியிலதான் பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போறே.