குழாயில் வருவது கலங்கலா, உப்பா?



சாரல் தொடங்கிவிட்டால் அருவியில் குளிக்க ஊரே குற்றாலத்துக்குத் திரண்டு வருகிறது. அதே நாட்களில் நம்ம வீட்டுக் குழாயில் காவி நிறத்தில் தண்ணி வருகிறது. சாரல் ஓய்ந்து போர் தண்ணியை நம்பி இருக்கும்போது பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படிகிறது. இரண்டையும் "தண்ணி சரியில்லை" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு.

நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி தண்ணி மெஷின் வாங்கக் கடன் கேட்டிருந்தார். விற்க வந்தவர் வீட்டுத் தண்ணியில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தாராம். ஐந்து நிமிடத்தில் தண்ணி பழுப்பாகிவிட்டது. மெஷின் தண்ணி மாறவே இல்லை. சகோதரி பயந்துபோனார். உண்மையில் அந்தப் பழுப்பு தண்ணியின் அழுக்கு இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்புச் சத்துள்ள எந்தத் தண்ணியிலும் கரண்ட் பாயும், கம்பி கரையும். உப்பை நீக்கிய தண்ணியில் கரண்ட் சரியாகப் பாயாது. நல்ல கிணற்றுத் தண்ணியும் இப்படிப் பழுப்பாகத்தான் செய்யும்!

காசு செலவில்லாமல் நாமே பார்க்கலாம். இரவு ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணி பிடித்து அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் தங்கி மேலே தெளிந்திருந்தால் அது கலங்கல். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, நேரம் போகப்போக மஞ்சளாக மாறினால் இரும்புச் சத்து. தெளிவாகவே இருந்து, சோப்பு நுரைக்காமல், பருப்பும் வேகாமல் இழுத்தடித்தால் அது உப்பு. மழைத் தண்ணி பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கி சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்வதால் வருவது இது. அருவித் தண்ணிக்கு அப்படித் தங்க நேரமில்லை. (அதற்காக அருவியில் போய் சோப்பு போட்டுப் பார்க்காதீர்கள், அங்கே தடை உள்ளது.)

கலங்கலுக்குத் துணி வடிகட்டலும், படிகாரத்தை இரண்டு சுற்று சுற்றித் தெளிய வைப்பதும் போதும். நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரசியதும் இதற்குத்தான். ஆனால் தெளிந்த தண்ணியிலும் கிருமி இருக்கும், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். குழாய் முனையைக் கழற்றி உள்ளே இருக்கும் வலையைக் கழுவுங்கள். மாடித் தொட்டியையும் எட்டிப் பாருங்கள். கடன் கேட்ட சகோதரி வீட்டில் தொட்டியின் அடியில்தான் சேறு கிடந்தது. கழுவிவிட்ட பிறகு கடன் மனுவை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

உப்பு படிகாரத்துக்கும் துணிக்கும் மசியாது. காய்ச்சினால் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும், மீதி தண்ணியிலேயே நிற்கும். குழாயில் ஏறிய வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்தால் விடும். ஆசிட் ஊற்றவே கூடாது. அதிலும் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் விஷ வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

எவ்வளவு உப்பு வரை பரவாயில்லை? இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணி இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். 600-ஐத் தாண்டினால்தான் மெஷின் பேச்சு. சாதாரண வீட்டு மெஷின் ஒரு குடம் தர, இரண்டு மூன்று குடத்தைக் கழிவாக வெளியே தள்ளும். அந்தத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் நாம் குழாயடியில் நிற்க வேண்டும்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணி பரிசோதிக்கப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார், பரிசோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பாட்டில் தண்ணி கொண்டுவாருங்கள், எந்தத் தெரு என்று சீட்டு ஒட்டி.