வயல் வேலையும் மூட்டு வலியும்

நடவு முடிந்து வரப்பேறும் பெண்கள், இடுப்பில் கையூன்றி, நிமிர இயலாது சற்று நேரம் நிற்பதை ஊராட்சி அங்கத்தினர் யாவரும் கண்டிருப்பர். ‘பெண் உடம்பு, நோகத்தான் செய்யும்’ என்று கூறி நாம் அப்பால் சென்றுவிடுகிறோம்.

பெண்ணின் கைப்பிடி வலு சராசரியாக ஆணுடையதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே என்பதும், ஐம்பது வயதுக்கு மேல் முழங்கால் மூட்டுத் தேய்வு பெண்களிடையே மிகுதி என்பதும் மெய்யே. ஆயினும், வேலை வேறுபடுவதால் வலியும் வேறுபடுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களுடையவை. சேற்றில் பின்னோக்கி நகர்ந்தவாறே இடுப்பை வளைத்து, ஒரு கையில் நாற்று முடியை ஏந்தி, மறுகை விரல்களால் ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை செய்தல் வேண்டும். முதுகும் மணிக்கட்டும் தளராமல் என் செய்யும்? வீடு திரும்பினாலோ தண்ணீர்க் குடமும் அடுப்பும் காத்திருக்கும். தசை ஆறுவதற்கு நேரமில்லை.

ஆண்களுக்குச் சுமையாலும், டிராக்டரின் ஓயாத அதிர்வாலும் நடு முதுகுக்குக் கீழே வலி காண்கிறது. 75 கிலோ மூட்டையைத் தனியாளாகத் தூக்குவதை நம் இளைஞர் பெருமையாகக் கருதுகின்றனர். ஆண் ஒருவர் சுமக்கும் பளு 55 கிலோவுக்கு மேற்படலாகாதெனச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. பெண்களின் சுமை அதனினும் வெகுவாகக் குறைந்திருத்தல் வேண்டுமென்றும் கூறியது.

கருவிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. இடைவெளியில் நாற்று நடப்படுவதால், உருளைக் களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். குனியும் துன்பம் இல்லை. எமது வட்டாரத்து ஊரொன்றில் இக்கருவி மூலையில் கிடந்தது. ‘பெண்களுக்குப் புதுக் கருவி பிடிப்பதில்லை’ என்றனர். நேரில் பார்த்தோம், கைப்பிடி அவர்தம் மார்பளவு உயரத்தில் இருந்தது! பட்டறையில் ஒரு சாண் குறைக்கச் செய்தோம். மறுவாரம் அப்பெண்களே கேட்டு வாங்கிச் சென்றனர். ஆகவே கருவி வாங்குமுன், அதைத் தள்ளப் போகிறவரைக் கொண்டே ஒரு வரிசை தள்ளச் செய்து பார்த்தல் நலம்.

மண் வேலையில் சட்டியை முக்கால் அளவே நிரப்புதல், தலையிலேற்ற மற்றொருவர் கை கொடுத்தல், நடவாட்களை ஒரு மணிக்கொருமுறை நிமிர்ந்து நிற்க விடுதல் ஆகியவற்றுக்குச் செலவொன்றுமில்லை. சில வாரங்களாக நீடிக்கும் வலியை வயதின் கோளாறென விடாது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுதல் வேண்டும். கால் மரத்துப்போனாலோ வலுக்குறைந்தாலோ அன்றே காட்டுக.