மென்பொருள் சோதனையாளருக்குச் சான்றிதழ்: பயனும் வரம்பும்

அரசின் நலத்திட்டங்கள் பலவும் இன்று கணிப்பொறி வழியாகவே மக்களைச் சென்றடைகின்றன. ஒரு கோப்பில் நேரும் பிழை பெரும்பாலும் ஒரு மனுதாரரோடு நின்றுவிடும். மென்பொருளில் நேரும் பிழையோ ஒரே நாளில் பல்லாயிரம் பேரைப் பாதிக்கும். ஆதலால் மென்பொருளைச் சோதித்தறிவது தனியொரு தொழிலாக வளர்ந்துள்ளது. இத்தொழிலில் நுழைய விரும்பும் இளைஞர் சான்றிதழ் பெறுவதால் அடையும் பயன் யாது, சான்றிதழைக் கேட்கும் அலுவலகம் அடையும் பயன் யாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோதனை என்பது யாது?

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இத்திட்டத்தில் தகுதி வயது 2011-ஆம் ஆண்டில் 65-லிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. 80 வயதில் மத்திய அரசின் பங்குத்தொகை உயர்கிறது. '60 வயது நிரம்பியவர்' என்னும் விதியை நிரல் எழுதுபவர் '60-க்கு மேற்பட்டவர்' என்று எழுதிவிட்டால், தகுதியுடைய முதியவர் ஓராண்டு ஓய்வூதியத்தை இழப்பார். 45, 70 என்னும் வயதுகளைக் கொண்டு சோதித்தால் இப்பிழை வெளிப்படாது. பயிற்சி பெற்ற சோதனையாளர் 59, 60, 61 எனவும் 79, 80, 81 எனவும் எல்லைகளில் நின்று சோதிப்பார். இதற்கு எல்லை மதிப்புப் பகுப்பாய்வு என்று பெயர். மேலும், விதி மாறும்பொழுது முன்பு சரியாக இயங்கிய பகுதிகள் இப்பொழுதும் சரியாக இயங்குகின்றனவா என்று அவர் மீண்டும் பார்ப்பார்.

இந்த மறுசோதனையின் இன்றியமையாமைக்கு விண்வெளித் துறையிலும் சான்று உண்டு. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியேன்-5 ஏவுகலம் தன் முதற் பயணத்தில் நாற்பது விநாடிகளுக்குள் சிதறியது. ஏரியேன்-4 கலத்துக்கென எழுதப்பட்ட மென்பொருட்பகுதி, புதிய கலத்தின் பாதைக்கேற்பச் சோதிக்கப்படாமலேயே பயன்படுத்தப்பட்டது. புதிய கலத்தின் பக்கவாட்டு வேகம் மிகுதியாதலால், அதைக் குறித்த எண் அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை.

சான்றளிப்பு முறைகள்

நம் நாட்டில் மின்னணுத் துறையின் கீழ் 1980-இல் தொடங்கப்பட்ட தரப்படுத்தல், சோதனை மற்றும் தரச் சான்றளிப்பு இயக்ககம் அரசு மென்பொருள்களையும் வலைத்தளங்களையும் சோதித்துச் சான்றளிக்கிறது. இது பொருளுக்கு வழங்கும் சான்று. ஆளுக்கு வழங்கும் சான்று வேறு. 2002-இல் எடின்பரோவில் நிறுவப்பட்ட பன்னாட்டு மென்பொருள் சோதனைத் தகுதி வாரியத்தின் தேர்வுகள், இந்தியாவில் இந்தியச் சோதனை வாரியத்தின் வழியாக நடைபெறுகின்றன. அடிப்படை நிலைத் தேர்வில் 40 வினாக்கள். நேரம் 60 நிமிடங்கள். தேர்ச்சிக்கு 26 மதிப்பெண்கள் வேண்டும். இதற்கு முன்னனுபவம் கட்டாயமன்று. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியதும் இல்லை.

பொருளியல் நோக்கில்

வேலை தேடுவோரின் திறமையை முதலாளி முன்கூட்டியே அறிய இயலாது. இந்நிலையில் கல்வித் தகுதி ஓர் அறிகுறியாகப் பயன்படுகிறது என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். இக்கருத்தின்படி, புகழ்பெற்ற கல்லூரியில் பயின்றவருக்கு வேறு அறிகுறி அதிகம் தேவையில்லை. பெயர் அறியப்படாத கல்லூரியிலிருந்து வருபவருக்கே சான்றிதழ் மிகுதியாக உதவும். ஆயினும் அறிகுறியின் மதிப்பு அதன் அருமையைப் பொறுத்தது. உலகெங்கும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டுவிட்ட நிலையில், அடிப்படை நிலைச் சான்று மட்டும் ஒருவரைத் தனித்துக் காட்டுவது அரிது. அது வாயிலைத் திறக்கலாம். உள்ளே நிலைநிறுத்துவது அனுபவமே.

சித்தூர், திருப்பதி வட்டாரம்

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட இவ்வட்டாரத்தில் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் முதல் 2015-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வரை கல்வி நிலையங்கள் பல உள்ளன. தனியார் பொறியியற் கல்லூரிகளும் மிகுதி. இங்குப் பயின்றோரில் பலர் வேலைக்கு அவ்விரு நகரங்களையே நாடுகின்றனர். நேர்காணலுக்குச் சென்று திரும்பும் செலவே ஒரு சிறு விவசாயக் குடும்பத்திற்குச் சுமையாகும். தேர்வுக் கட்டணமாகச் சில ஆயிரம் ரூபாய் செலுத்துமுன் அதன் பயனை அவர்கள் கணக்கிடுவது இயல்பே. தேசிய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் மையம் ஒன்று 2025 அக்டோபரில் திருப்பதியில் தொடங்கப்பட்டிருப்பது, பயிற்சியை ஊருக்கு அருகிலேயே பெறும் வாய்ப்பை விரிவாக்கும்.

இவ்வட்டாரத்து இளைஞருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. தெலுங்கர் பெயரில் குடும்பப் பெயர் முன்னே நிற்கும். தமிழர் பெயரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். 'இறுதிப் பெயர்' கட்டாயம் எனக் கேட்கும் படிவம் இரு சாராரையும் இடர்ப்படுத்தும். பட்டாவில் ஒருவாறும் ஆதார் அட்டையில் வேறொருவாறும் பெயர் அமைந்தால் உதவித்தொகை தடைப்படலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபொழுது மாவட்டக் குறியீட்டைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் அனைத்தும் மறுசோதனைக்கு உரியனவாயின. இத்தகைய நுட்பங்களைப் பன்னாட்டுப் பாடத்திட்டம் கற்பிப்பதில்லை. இருமொழிச் சூழலில் வளர்ந்தவர் இவற்றைத் தாமே அறிவார்.

வரம்புகள்

தேர்வு வினாக்கள் பலவிடைத் தெரிவு வகையைச் சார்ந்தவை. கலைச்சொற்களை மனப்பாடம் செய்தவரும் தேர்ச்சி பெறக்கூடும். கெம் கேனர், ஜேம்ஸ் பாக் போன்ற சோதனைத் துறை வல்லுநர்கள் இக்குறையை நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளனர். மறுபுறம், பொதுவான கலைச்சொற்கள் இருப்பதால் வெவ்வேறு நிறுவனத்தார் ஒருவரையொருவர் பிழையின்றிப் புரிந்துகொள்கின்றனர் என்பதையும் மறுத்தற்கில்லை.

செய்யத்தக்கன

மாணவர் முதலில் பாடத்திட்டத்தைப் பயில வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது. பின்னர் ஏதேனும் ஒரு படிவத்தை எடுத்துச் சோதனைத் திட்டமும் பிழை அறிக்கையும் எழுதிப் பழகுதல் வேண்டும். தேர்வு எழுதுவது மூன்றாவது படியாக இருப்பது நன்று. நேர்காணலில் சான்றிதழோடு அவ்வறிக்கையையும் காட்டுபவர், அறிகுறியோடு திறமையையும் காட்டியவராவார்.

ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர், சான்றிதழ் பெற்றோர் எத்தனை பேர் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அரசாணையின் ஒவ்வொரு விதிக்கும் எந்தச் சோதனை நடத்தப்பட்டது, அதன் முடிவு யாது என்னும் பட்டியலையும் கேட்டுப் பெற வேண்டும். அறுபது வயது நிரம்பிய முதியவருக்கு உரிய ஓய்வூதியம் தவறாமல் சென்றடைவதை உறுதிசெய்ய அப்பட்டியல் பெரிதும் உதவும்.