முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் தேவையா?

சைக்கிள் கடையில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்றில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் வெறும் இரும்புக் குழாய். மற்றொன்று ‘ஹைபிரிட்’ வகை. அதன் போர்க்கில் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் தடித்த குழாய்கள், உள்ளே ஸ்பிரிங். விலையும் கூடுதல். “சஸ்பென்ஷன் வைத்த வண்டி, குலுங்கவே குலுங்காது” என்கிறார் கடைக்காரர். அப்பா உங்களைப் பார்க்கிறார். என்ன சொல்வீர்கள்?

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி பொருத்தமானது. 1991-92இல் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது இங்கே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள்; பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. செம்மண் சரளைச் சாலையில் குடத்தோடும் பிள்ளையோடும் போன அந்த வண்டிகளில் சஸ்பென்ஷன் போர்க் கிடையாது. அப்படியானால் குலுக்கலைத் தாங்கியது எது?

முதலாவது, டயருக்குள் இருந்த காற்று. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தது குலுக்கலைக் குறைக்கத்தான். காற்றும் ஒரு ஸ்பிரிங்கே. அழுத்தினால் அமுங்கும், விட்டால் மீளும். இரண்டாவது, சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்.

இப்போது மலிவான சஸ்பென்ஷன் போர்க்குக்கு வருவோம். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் வழுக்கிச் செல்ல வேண்டும். அங்கே உராய்வு உண்டு. நிலை உராய்வைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள்: விசை ஓர் எல்லையைத் தாண்டும்வரை பொருள் நகராது. சிறு சரளைக் கல் தரும் விசை பெரும்பாலும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. குழாய் நகராமல் நிற்க, அதிர்வு நேரே கைக்கு வந்துவிடும். நம் சாலைகளில் நாளெல்லாம் கையை மரத்துப்போகச் செய்வது இந்தச் சின்ன அதிர்வுதானே!

பெரிய பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கும். உண்மையிலேயே அடி குறையும். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் அந்த ஆற்றலைத் திருப்பித் தந்து வண்டியை மேலே தள்ளுகிறது. மோட்டார் சைக்கிள் போர்க்கில் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே பாய்ந்து இந்தத் துள்ளலை அடக்கும். பாடப்புத்தகத்தில் ‘தடையுறு அலைவு’ என்பது இதுவே. 1935இலேயே பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளில் இது வந்துவிட்டது. நல்ல மலைச் சைக்கிள்களிலும் இருக்கிறது. மலிவான போர்க்கில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும், அடக்க ஆளில்லை. எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் உழைப்பில் ஒரு பங்கு அதை அமுக்குவதிலேயே போகும்.

எடையைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். போர்க்கால் 1.5 கிலோ கூடுகிறது, ஏறும் பாலம் 8 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கூடுதல் வேலை 1.5 × 10 × 8 = 120 ஜூல். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 68 கிலோ என்றால் மொத்த வேலை 5440 ஜூல். நூற்றுக்கு இரண்டுதான் கூடுகிறது. ஆகவே எடையை விடுங்கள். குழாய்க்குள் புகும் செம்மண் தூசிதான் கவலை. கெட்டுப்போனால் ஊர்க் கடையில் அதற்கு உதிரிபாகம் தேட வேண்டும்.

அந்தக் கூடுதல் விலையில் நல்ல டயர் வாங்கலாம். 35 மி.மீ. டயருக்குப் பதில், சட்டத்தில் இடமிருந்தால், 40 மி.மீ. போடலாம். காற்றையும் கவனியுங்கள். ஒரு சோதனை: முன் டயரில் சுண்ணாம்புக் கரைசலைத் தடவி, கறுப்புத் தாள் மேல் நிறுத்துங்கள். நண்பர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்காருங்கள். முன்சக்கரத்தில் விழும் எடை 27 கிலோ, காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 3 கிலோ என்றால் பதியும் தடம் சுமார் 9 சதுர செ.மீ. அழுத்தத்தை 2 ஆகக் குறைத்தால் 13.5. தடம் பெரிதானால் டயர் கூடுதலாக அமுங்குகிறது என்று பொருள். அதற்காக டயர் மேல் அச்சிட்டுள்ள அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகிவிடும்.

கடைக்குப் போனால் சஸ்பென்ஷன் வண்டியையும் சோதித்துப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரை முதலில் மெதுவாக அழுத்துங்கள். போர்க் அசைகிறதா? பிறகு பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். அடங்கி மெல்ல எழுகிறதா, ‘டக்’கென்று துள்ளுகிறதா? அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பதில் சொல்லுங்கள்.