ரெண்டு நெட்டை ரிசீவர்கள்

அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் வைட் ரிசீவர். 2013-ல் சிகாகோ பேர்ஸ் அணியில் அப்படி ரெண்டு நெட்டைகள்: பிராண்டன் மார்ஷல் 6 அடி 4 அங்குலம், அல்ஷான் ஜெஃப்ரி 6 அடி 3.

இவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகள் பெரும்பாலும் ஆறடியை ஒட்டித்தான் இருப்பாங்க. அந்த வித்தியாசத்தோட கை நீளத்தையும் குதிக்கிற உயரத்தையும் சேர்த்துப் பாருங்க. பந்து கொஞ்சம் மேலே போனாலும் இவருக்கு எட்டும், அவருக்கு எட்டாது. நம்ம பாஷையில் சொன்னா, எறிபவருக்கு டாலரன்ஸ் கூடுது!

ஒரே நெட்டைன்னா ரெண்டு பேரை விட்டு அடைச்சிடலாம். இங்கே மார்ஷலை மூடினால் ஜெஃப்ரிக்கு வழி. அந்த சீசனில் மார்ஷல் 1,295 கெஜம், ஜெஃப்ரி 1,421. மினசோட்டாவுக்கு எதிரான ஒரே மேட்ச்சில் ஜெஃப்ரி மட்டும் 249 கெஜம். அதுலயும் பேர்ஸ் தோத்தாங்க.

காரணம் டிஃபென்ஸ். சீசன் முழுக்க எடுத்தது 445 புள்ளி, கொடுத்தது 478. கடைசி மேட்ச்சில் கிரீன் பேயை ஜெயித்தால் பிளே-ஆஃப். 28-27 என முன்னிலை. ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லாத நேரத்தில் ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்த பந்தை ரேண்டல் காப் தனியா நின்னு பிடிச்சார். 48 கெஜம், டச்டவுன். காப்போட உயரம் 5 அடி 10.