வளவு துப்புரவுக்குச் செயின் சோ வாங்கும்போது

ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் 1990 இல் விட்டுப்போன வளவுகளில் பூவரசும் வேம்பும் கூரைக்கு மேலால் வளர்ந்து நிற்கின்றன. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணிதானா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டறியாமல் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மெஷின் அதற்குப் பிறகுதான்.

வீட்டுத் தேவைக்கு 35 முதல் 40 சீசீ எஞ்சினும் 14 அல்லது 16 அங்குலப் பாரும் போதும். பெரியது கையைச் சோர வைக்கும். சோர்ந்த கையில்தான் விபத்து நடக்கும். முன்தடுப்பைத் தள்ளியதும் சங்கிலியை நிறுத்தும் பிறேக் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

உதிரிப்பாகம் யாழ்ப்பாண நகரில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். நெடுந்தீவு, நயினாதீவில் இருப்பவர்கள் மேலதிகச் சங்கிலி ஒன்றும் வட்ட அரமும் சேர்த்தே வாங்குவது நல்லது. ஒரு சங்கிலிக்காகக் குறிகட்டுவானுக்குப் படகேறினால் அன்றைய வேலை போய்விடும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் காணும்.

பழைய மரங்களுக்குள் சன்னமும் செல் துண்டும் புதைந்திருக்கலாம். அதில் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கும். பட்டையில் தழும்போ ஓட்டையோ தெரியும் மரத்தில் மெஷினை வைக்காதீர்கள்.

பனை வெட்டுவதென்று எண்ணி இதை வாங்க வேண்டாம். வைரம் சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதியும் வேண்டும். செயின் சோவைப் பதிவு செய்யும் நடைமுறையைப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.