ஜீப் வண்டியின் பின் அச்சை நேராக அமைத்தல்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் செல்லும் பாதைகள் ஓடைகளைக் கடந்தும், உருட்டுக்கற்கள் நிறைந்தும் இருக்கின்றன. உரமும் குழாய்களும் மேலே கொண்டுசெல்லவும், கோடையில் மாங்காயைக் கீழே இறக்கவும் ஜீப் வண்டிகள் உபயோகமாகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தில் பேர்பெற்ற இவ்வண்டியை மஹீந்திரா கம்பெனியார் 1947-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். முன்னும் பின்னும் குறுக்கே ஒரே அச்சு, அதனைத் தாங்க இரு பக்கமும் வில்பட்டைக் கட்டு என்னும் அமைப்பு எளிதாயிருப்பதால், தோட்டக்காரர் பலர் வில்பட்டை மாற்றும் வேலையைத் தம் கொட்டகையிலேயே செய்துகொள்கின்றனர்.

வேலை முடிந்தபின் வண்டி நிமிர்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். பின் அச்சு சிறிது கோணியிருப்பது தெரியாது. அதனை அளவினாலேயே அறியக்கூடும். அவ்வளவையும் ஒரு நட்டைக்கூடக் கழற்றுமுன் ஒருமுறை எடுத்துக்கொள்ளவேண்டும்.

கோணலால் விளையும் நஷ்டம்

மாட்டு வண்டியின் அச்சு ஏர்க்காலுக்குக் குறுக்கே சரியாக நில்லாவிடில், மாடுகள் எவ்வளவு நேராக நடந்தாலும் வண்டி ஒருபுறமாக ஒதுங்கும். மோட்டார் வண்டிக்கும் இதுவே நியாயம். இரு வில்பட்டைகளுக்கும் இடையே 1 மீட்டர் தூரமிருந்து, ஒருபக்கத்தில் அச்சு 10 மில்லிமீட்டர் பின்தங்கினால், ஒவ்வொரு 100 மீட்டர் ஓட்டத்திலும் பின்சக்கரங்கள் 1 மீட்டர் விலகிச்செல்ல முயலும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை ஓயாது ஒருபுறம் திருப்பிப் பிடித்தே நேராகச் செல்லவேண்டிவரும். டயர்கள் ஒழுங்கின்றித் தேயும். மழை ஈரத்தில், பாரத்துடனும் ஆட்களுடனும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் வண்டியின் பின்புறம் ஒதுங்கினால் உயிருக்கே அபாயம்.

கழற்றுமுன் அளவெடுத்தல்

வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில், முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்தி, டயர்களில் குறிப்பிட்ட அளவு காற்று நிரப்புக. பின் வில்பட்டைகளின் முன்நுனிகளைச் சேஸிஸுடன் பிணைக்கும் போல்ட்டுகள் இரண்டிலிருந்தும், பின் அச்சின் இரு முனைகளிலும் ஒத்த இடங்களிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நான்கு புள்ளிகள் குறிக்கவேண்டும். வண்டியைத் தள்ளிவிட்டு, வலப்பக்க நீளத்தையும் இடப்பக்க நீளத்தையும் ஒப்பிடுக. பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் ஒப்பிடுக. கொத்தனார் வீட்டு வானத்திற்கு மூலை பார்ப்பதும் இவ்விதமேயாம்.

பக்கங்கள் இரண்டும் சமம், குறுக்களவுகள் இரண்டும் சமம் எனில் அச்சு சரியாக நிற்கிறது. பக்கங்கள் சமமாயிருந்து குறுக்களவுகள் மாத்திரம் வேறுபட்டால் அச்சு பக்கவாட்டில் நகர்ந்துள்ளது. பக்கங்களே வேறுபட்டால் ஒருமுனை பின்தங்கியுள்ளது. இவ்வளவுகளைக் குறித்துவைத்துக்கொள்ளுதல் அவசியம். கோணல் பழையதா, வேலையில் நேர்ந்ததா என்பது அப்பொழுதே விளங்கும்.

மாற்றும் முறை

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை அணை கொடுத்தபின், சேஸிஸை உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, கல் அடுக்கியோ வண்டியின் கீழ் ஒருவரும் புகலாகாது. அச்சை வேறொரு ஜாக்கியினால் தாங்கி, அது தொங்கிப் பிரேக் குழாயை இழுக்காதபடி ஜாக்கிரதையாயிருக்கவேண்டும்.

இரு பக்கத்து யூ போல்ட்டுகளையும் ஒரே வேளையில் கழற்றுவது தவறு. ஒரு பக்கத்தை முடித்தபின்னரே மறு பக்கத்தைத் தொடவேண்டும். கட்டின் நடுவே பட்டைகளைக் கோத்துள்ள சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையிலுள்ள துளையில் முழுதும் அமர்ந்திருக்கவேண்டும். அச்சு முன்பின் நகராமலிருக்க இத்தலையே காவல். இருக்கையில் மண்ணும் துருவும் இருந்தால் தலை சரியாக அமராது. ஆகையால் கம்பிப் பிரஷினால் தேய்த்துத் துடைக்கவேண்டும். சில வண்டிகளில் சென்டர் போல்ட் கட்டின் நட்டநடுவில் இராது. அக்கட்டை முன்பின்னாக மாற்றிப் பொருத்தினால் அச்சே இடம் மாறிவிடும்.

பழைய யூ போல்ட்டுகள் முறுக்கத்தில் நீண்டுபோயிருக்கும். ஆதலின் புதியன வாங்குவதே நலம். நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காக, சிறிது சிறிதாக, கம்பெனிக் கையேட்டிற் கண்ட அளவிற்கு முறுக்குக. வில்பட்டை நுனிகளின் போல்ட்டுகளை மாத்திரம், வண்டி தரையில் இறங்கித் தன் பாரத்தில் நின்றபின் இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அங்குள்ள ரப்பர் புஷ்கள் முறுக்குண்டு விரைவில் கிழியும்.

சரிபார்த்தல்

முன்போலவே நான்கு புள்ளிகள் குறித்து அளக்கவேண்டும். வித்தியாசம் கண்டால் இருக்கையின் மண், சென்டர் போல்ட்டின் முறிவு, தேய்ந்து அகன்ற துளை, இருபுறமும் ஒவ்வாத வில்பட்டைகள் ஆகியவற்றை முறையே நோக்குக. துளையை அராவிப் பெரிதாக்கி அச்சை இழுத்து நிறுத்துவது கூடாது. அவ்வாறு செய்தால் சென்டர் போல்ட்டின் பிடிப்பே போய்விடும். சேஸிஸ் வளைந்திருந்தால் அதனைப் பட்டறையிலேயே நிமிர்த்தவேண்டும்.

வண்டி உயர்ந்தால், எஞ்சின் விசையைப் பின் அச்சிற்குக் கொண்டுசெல்லும் தண்டின் சாய்வும் மிகும். தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் உள்ள வண்டிகளில், அவ்விரண்டின் சாய்வும் ஏறக்குறைய ஒத்திருக்கவேண்டும். இல்லாவிடில் வேகத்தில் வண்டி அதிர்ந்து, ஜாயிண்ட் கெடும்.

ஈர மண்ணில் மெதுவாக நேரே ஓட்டித் தடத்தைப் பார்ப்பது எளிய பரீட்சை. முன்சக்கரத் தடத்திற்கும் பின்சக்கரத் தடத்திற்கும் உள்ள விலகல் இருபுறமும் ஒத்திருக்கவேண்டும். முதல் 100 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப்பின் யூ போல்ட்டுகளை மீண்டும் சோதிக்கவேண்டும். 2020-இல் வெளிவந்த புதிய தார் வண்டியின் பின் அச்சைச் சுருள்வில்கள் தாங்குவதால், வில்பட்டைக்குரிய இம்முறை அதற்குப் பொருந்தாது.

சட்டத்தின் வரம்பு

தொய்ந்த வில்பட்டையை மாற்றி வண்டியைப் பழைய உயரத்திற்குக் கொணர்வது பழுதுபார்த்தலாகும். அதற்குமேல் உயர்த்துவது வேறு. உற்பத்தியாளர் குறித்த அமைப்பிற்கு மாறுபட வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-இல் இதனை வலியுறுத்தியது. ஆகையால் உயரத்தை மாற்ற எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலரை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்திருப்பதால், எவ்வளவு உயர்ந்த வண்டியாயினும் வனத்துறை அனுமதியின்றிக் காட்டுப் பாதையில் செல்லலாகாது. கிராம அதிகாரிகள் இதனைத் தோப்புக்காரருக்கு எடுத்துரைப்பது நன்று.

தூக்குக்குண்டு, சுண்ணக்கட்டி, அளவு நாடா ஆகியவை எளிதில் கிடைக்கும். இவற்றைக்கொண்டு ஒரு மணி நேரம் அளக்கும் சிரமம், ஒரு ஜோடி டயரின் விலையை நோக்க அற்பமே.